மிகுலோவ் போக வேண்டியவர்கள்

“பரீட்சைக்கு முந்தின வாரம் கடலுக்குப் போற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!”

செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார் எதிர் சீட்டுக்காரர் ஓத்தகர். வெனிஸில் ஏறியதிலிருந்தே இப்படித்தான். வாயைத் திறந்தால் குத்தல்.

யார்மிலாவுக்குச் சுருக்கென்றது. மடியில் இருந்த சரித்திரப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கடற்கரை மணல்.

“படிக்கத்தான் சார் ஒரு வாரம் லீவு விட்டாங்க. நாப்பத்தொன்பது வயசுல கடலையும் ஒருதடவை பாத்துடலாம்னு போனேன். தப்பா?”

“ரெண்டு தடவை ஃபெயிலானவங்களுக்குத் தப்புதான்.”

அடப்பாவி! போனில் மகளிடம் புலம்பியதையெல்லாம் ஒட்டுக்கேட்டிருக்கிறார் மனுஷன்.

யார்மிலா ஆஸ்பத்திரியில் சமையல்காரி. பள்ளி இறுதித் தேர்வு பாஸானால் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பில் சேரலாம். நாளைக் காலை எட்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு. மூன்றாவது வாய்ப்பு. நாலாவது கிடையாது.

வழியில் தண்டவாளத்தில் பாறை சரிந்து, பிராக் போகும் இந்த வண்டி இருபது நிமிஷம் தாமதம். ஜங்ஷனில் இறங்கி, அவள் ஊரான மிகுலோவுக்கு வண்டி மாற வேண்டும். அதுதான் இன்றைக்குக் கடைசி வண்டி.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். “மிகுலோவ் வண்டிக்கு மாறுறவங்க யாரு?”

யார்மிலா மட்டும் கையைத் தூக்கினாள்.

“ஒரே ஒரு ஆளா? பத்துப் பேராவது இருந்தாத்தாம்மா போன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்ல முடியும்.”

“ஐயா, எனக்குக் காலையில பரீட்சை ஐயா! காலை வண்டி போய்ச் சேரவே ஒன்பதாயிடும்!”

“சட்டம் சட்டம்தாம்மா. மத்த பெட்டியிலயும் கேட்டுப் பாக்கறேன்.” முகத்தில் இரக்கத்தின் சாயலே இல்லை. போய்விட்டார்.

பெட்டியில் ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருத்தி பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். வெயிலில் தோலுரிந்த மூக்குதான் எல்லோருக்கும். மனசு மட்டும் பனிக்கட்டி!

ஓத்தகர் எழுந்தார். “தொண்டை காயுது. ஒரு பீர் குடிச்சிட்டு வரேன்.”

பின்னாலேயே இன்னும் சிலர் நழுவினார்கள். ‘என் பொழைப்பே போகுது, இவங்களுக்குத் தாகம்!’ யார்மிலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கால் மணி கழித்து ஒலிபெருக்கியில் பரிசோதகர் குரல். “மிகுலோவ் போறவங்க பத்துப் பேர் சேந்தாச்சு. வண்டி காத்திருக்கும். மூணாவது பிளாட்பாரம்.”

“ஐயோ, என் சாமி!” யார்மிலா புத்தகத்தை முத்தமிட்டாள். அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஓத்தகர், “மணலை எம்மேல கொட்டாதம்மா” என்றார்.

ஜங்ஷன் வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினாள். எதிரே சின்ன வண்டி நின்றது. நின்றேவிட்டது! ஒரே தாவில் ஏறினாள். ஜெயித்தாச்சு!

வாசலில் நின்ற கார்டு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “பத்துப் பேர்னு சொன்னாங்களேம்மா. மத்தவங்க எங்க?”

யார்மிலா திரும்பினாள். பிளாட்பாரத்தில் ஈ, காக்கை இல்லை.

பிராக் வண்டி நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல், பரிசோதகர் கேட்டபோது அவள் தூக்கியது மாதிரியே, ஒவ்வொரு கை உயர்ந்திருந்தது. பிள்ளைக்காரி, பீர் குடிக்கப் போனவர்கள்... ஓத்தகர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்: “இந்தத் தடவையும் கோட்டை விட்டே, தெரியும் சேதி!”

அழுதுகொண்டே சிரித்தாள். விரல் விட்டு எண்ணினாள். எட்டுக் கை. அவளோடு சேர்த்தாலும் ஒன்பதுதானே?

கடைசிப் பெட்டி அவளைக் கடந்தது. அதன் வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார், சட்டம் பேசிய பரிசோதகர்.