கதகதப்பு

ரோட்டுக்கடியில் ஒரு கிழட்டு மின்கேபிள். அதில் ஒட்டுப்போட்ட இடம் பழுதாகிச் சுட்டது. அங்கேயே வளை போட்டு, ஒரு பெருச்சாளி தன் நாலு குட்டிகளைக் கதகதப்பாக வளர்த்தது.

ஒருநாள் மேலே மின்வாரியச் சோதனை வண்டி வந்து நின்று, கேபிளைக் கேட்டது: “பெரியவரே, எங்கேயாவது சுடுதா? சொன்னா தோண்டி மாத்திடுவோம்!”

தோண்டினால் வளை போச்சே! என்று பதறியது பெருச்சாளி. கேபிள், “அது வந்து தம்பி...” என்று கரகரத்த குரலில் இழுப்பதற்குள், பெருச்சாளி அதே குரலில் பேசி முந்திக்கொண்டது: “எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்!”

“பலே! அப்போ புதுக் காலனிக்கும் கரண்ட்டை நீங்களே தூக்குங்க!” என்று கிளம்பியது வண்டி.

“அடிப்பாவி!” என்று முனகியது கேபிள்.

சற்று நேரத்தில் குட்டிகள் துள்ளின. “அம்மா, காலு பொசுங்குதும்மா!”

பெருச்சாளி மேலே பார்த்து அலறியது, இந்தத் தடவை தன் சொந்தக் குரலில். கீச்சுக் கீச்சென்றுதான் வந்தது. வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.