வெள்ளைப் படகுக்குச் சாம்பல் வண்ணம்

சிட்னி துறைமுகத்தில், எங்கள் உல்லாசப் படகுக்குக் கடற்படையினர் சாம்பல் வண்ணம் பூசி, முன்பக்கம் துப்பாக்கி பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

“யாரோ மொட்டைக் கடுதாசி போட்டாங்க சார். ‘நல்ல படகு சும்மா கிடக்கு, போருக்கு எடுத்துக்கோங்க’ன்னு” என்றார் அதிகாரி.

“எந்தப் புண்ணியவானோ!” என்று சிரித்தார் என் கணவர் பெர்சி. “அறுபது வயசுக் கிழவனை வேற எவன் பட்டாளத்துல சேர்ப்பான்?”

“படகோட குணம் தெரிஞ்சவர் நீங்கதானே? அதான் ரோந்துக்கு உங்களையே ஓட்டச் சொல்லிட்டோம். ஜப்பான்காரன் நீர்மூழ்கி எப்ப வேணா வரலாம்.”

“மேவிஸ், ஏம்மா அழுறே? பெருமைப்பட வேண்டாமா?” என்று என் பக்கம் திரும்பினார் பெர்சி.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் தலையிலிருந்த புதுக் கடற்படைத் தொப்பியைச் சரிசெய்துவிட்டேன். படகு போய்விட்டால் மனுஷன் ஞாயிற்றுக்கிழமையாவது என்னோடு வீட்டில் இருப்பார் என்று நம்பித்தான், அந்தக் கடுதாசியை எழுதினேன்.