வண்டி சூடாகும் நேரம்

முன்கண்ணாடியில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் லேபர் கேம்ப் குடியிருப்பு முழுவதும் தண்ணீருக்கடியில் கிடப்பது போலத் தெரிந்தது. பால் பாக்கெட் கூடையோடு போன ஒருவர் மீனைப் போல நெளிந்து மறைந்தார்.

ஜெஸி டென்சிலின் தோளில் தலை சாய்த்திருந்தாள். டீ ஃபிளாஸ்க் அவள் மடியில் திறக்கப்படாமலே இருந்தது.

மூச்சுக்காற்றில் கண்ணாடிகள் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தன. இன்னும் கொஞ்சம் வெளுத்தால் ஊரே இல்லாமல் போய்விடும்.

கல்யாணமாகி மூன்று மாதம். வீடு ஒரே அறை. மாமா, அத்தை, டென்சிலின் அண்ணன், மதினி, அவர்களுடைய பிள்ளைகள், பிறகு இவர்கள். பகலெல்லாம் டென்சில் கேஸில் ஓடும் வாடகைக் கார் ஓட்டுவான். அவன் திரும்பும் நேரத்தில் ஜெஸி வடாலாவில் மாலைக் கல்லூரியில் இருப்பாள். இரவில் பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். டென்சில் காதோடு ஏதாவது கேட்டால், காலையில் மதினி அதற்குப் பதில் சொல்வாள்.

டிரைவர்களின் வாட்ஸாப் குழுவில் வந்த செய்திதான் கைகொடுத்தது. காலையில் புறப்படும் முன் வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினால் மைலேஜ் கூடுமாம். டென்சில் அதை வீட்டில் உரக்க வாசித்தான். டீ கொடுக்கவும் கண்ணாடி துடைக்கவும் ஜெஸி கூட வரட்டும் என்றான்.

ஜெஸி எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவள் அல்ல. அன்றே கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறியதும் போனில் தேடிப் பார்த்தாள். இந்தக் காலத்து வண்டிக்கு அரை நிமிடம் போதும், அதற்கு மேல் ஓடவிடுவது வீண் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருந்தது. தான் படித்தது தப்பாக இருக்கலாம் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷத்தோடு சந்தேகப்பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை அந்த உண்மை மாமாவின் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வண்டியை நிறுத்திவைத்துச் சூடாக்குகிறவன் முட்டாள் என்று ஒரு மெக்கானிக் வீடியோவில் வீடு முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கத்தினான்.

“அப்ப இத்தனை நாளா சூடானது எது, கொழுந்தனாரே?” என்று மதினி சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. “கேஸு என்ன மழையிலயா பெய்யுது? நீ போலே, நானே வந்து நிறுத்துதேன்,” என்றார்.

அதனால் இதுதான் கடைசிக் காலை. டென்சில் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான், ஒவ்வொன்றாக விரித்தான். மழை கூரைத் தகட்டில் விழும் சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்பது போலிருந்தது.

“நாளைலேர்ந்து எப்படிங்க?”

“பாக்கலாம்,” என்றான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

வெளுத்த கண்ணாடியில் ஒரு கறுப்புக் குடை மிதந்து வந்து, வண்டிக்கு முன்னால் நின்றது.

ஜெஸி நிமிர்ந்து உட்கார்ந்து, துணியை எடுத்துக் கண்ணாடியில் வட்டமாகத் துடைத்தாள். வட்டத்துக்குள் மாமா இருந்தார். அவர் உள்ளே பார்க்கவில்லை. கையை நீட்டி பானெட்டின் மேல் வைத்தார்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

சாவி டென்சிலின் சட்டைப் பையில் இருந்தது. இத்தனை நாளில் ஒரு காலைகூட அவன் அதைத் திருகியதில்லை. கேஸை வீணாக்க அவனுக்கும் மனசு வராது.

மாமா கையை எடுக்கவில்லை. மழை அவர் புறங்கையில் விழுந்து வழிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தார்.

சந்து முனையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “என்ன, நிறுத்தச் சொல்லிட்டியளா?”

மாமா கையை உதறி லுங்கியில் துடைத்துக்கொண்டார். குடையைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

“பச்சத்தண்ணியாட்டம் கெடக்கு, மேரி. இதுக்குப் பத்து நிமிசம் எந்த மூலைக்கு?”