போக வேண்டிய வயது

கிளெமென்ட் கிளம்பத் தயாராகிவிட்டான்.

ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் வறுத்த கடலை. அதற்கு மேல் எடுத்துப்போக யாருக்கும் மனம் வருவதில்லை. தோப்பில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டுமே.

காய்ச்சல் வந்த வருடம் எரியோட்டில் பெரியவர்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிள்ளைகளை அது தொடவில்லை. பதினெட்டு முடிந்தவர்களை மட்டும் கொண்டுபோனது.

மறு வருடம் பதினெட்டைத் தாண்டிய நான்கு பேரை இந்தத் தென்னந்தோப்பிலேயே புதைத்தார்கள். குழி வெட்டியதும் பிள்ளைகள்தான்.

அதற்குப் பிறகு எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதினெட்டு முடிகிற அன்றைக்கே தோப்பை விட்டுப் போய்விட வேண்டும். சாவதைச் சின்னதுகள் பார்க்கக் கூடாது.

போன பொங்கலுக்கு முன்னால் கிளெமென்ட்டின் அண்ணன் செபஸ்தியான் போனான். வடமதுரை ரோட்டில் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

இன்று தம்பியின் முறை.

மோட்டார் ரூம் சாவியை ரிஃபாத்திடம் கொடுத்தான். பத்து வயது ரிஃபாத் அதை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கம்பு புடைத்துக்கொண்டிருந்த சுகன்யா முறத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். ஒல்லியான, குட்டையான பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாணார்பட்டிப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்து சேர்ந்தவள்.

"நீ சின்னப்புள்ள, அழுகாத. இதுகளப் பாத்துக்க" என்றான்.

அவள் அழவில்லை. வேலிப் படலைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"போகாத கிளெமென்ட். வெளிய அனுப்பிருவீங்கன்னு பயந்து, வந்தப்பவே வயசக் குறைச்சுச் சொன்னேன். எனக்கு இப்ப இருபது."

அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

சூடில்லை.

"ஒங்க அண்ணன் போனப்ப, பொழைப்பேன்னு எனக்கே நம்பிக்கையில்ல, அதான் சொல்லல. இன்னைக்குக் காய்ச்சல் வரும், நாளைக்கு வரும்னுதான் படுப்பேன். வரவேயில்ல."

கிளெமென்ட் வடமதுரை ரோட்டைப் பார்த்தான்.

பிறகு அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் படலைத் திறந்தான்.

"வாக்கா. எங்கண்ணனத் தேடுவோம்."