சாவிக்கொத்துச் சோதனை

"மூக்கைத் தொட்டுடாத! குட்டியோட மூக்கு அமுங்கிச்சுன்னா அவ்வளவுதான், குப்பையில போடவேண்டியதுதான்!"

காலையிலிருந்து பத்தாவது முறையாக மனைவியிடம் கத்தினார் மைக்செட்காரர்.

குட்டி என்று அவர் சொன்னது ட்வீட்டரை. அவர் செய்திருந்த ஸ்பீக்கர் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் குடித்தனம். கீழே பெரியவர், வூஃபர். முரசு, தடித்த குரலெல்லாம் அவர் பாடு. மேலே குட்டி, மணியோசை, சலங்கை போன்ற மெல்லிய சத்தமெல்லாம் அதன் பொறுப்பு. அதன் நடுவில் பட்டுத்துணியில் ஒரு குமிழ், அதுதான் மூக்கு. விரல் பட்டாலே குழிந்துவிடும்.

"பசை தடவி, துணி ஒட்டி, பதினோரு மணிக்குள்ள குடுக்கணும். அவ்வளவுதானே? நீங்க பக்கத்துல நின்னு மூச்சு விடாம இருந்தாலே வேலை முடிஞ்சுடும்" என்று இரண்டு பெட்டிகளையும் உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள் மனைவி.

மூன்று வார உழைப்பு. உடைந்த பெஞ்சுப் பலகையில் பெட்டி, பழைய சாமான் கடை வூஃபர். காசு கொடுத்துப் புதிதாக வாங்கியது குட்டிகளை மட்டும்தான். மனிதர் பலகையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டதில், எதிர்வீட்டார் இரண்டு முறை கதவைத் திறந்து யாரென்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இத்தனை பாடும் நாடக மன்றத்து மைக்செட் வேலைக்காக, அந்த நாற்காலிக்காக. போன மாதம் அங்கே மைக் வீறிட்டபோது அவர் அடக்குவதற்குள் கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது. அன்றிலிருந்து ஒரே பேச்சு: 'முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னவராச்சே, காது போயிருக்கும்!' பேச்சைக் கிளப்பியது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மைத்துனன், அவரிடமே உதவியாளனாக இருப்பவன். எதைக் கேட்டாலும் 'ஆஹா' என்பதால் மன்றத்தில் அவன் பெயரே ஆஹா.

மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். குறைந்த செலவில் மன்றத்துக்கு ஸ்பீக்கர் செய்து, அது தேறினால் நாற்காலி இவருக்கே. இல்லையென்றால் ஆஹாவுக்கு.

உள்ளேயிருந்து மனைவி ஏதோ சொன்னாள். ஒயரின் சிவப்பு முனை எது, கறுப்பு முனை எது என்ற குழப்பத்தில் இருந்தவர், "ம்... சரி சரி" என்றார்.

மணி பதினொன்று. மேனேஜரும் ஆஹாவும் சொல்லிவைத்தாற்போல் வந்து சேர்ந்தார்கள். கறுப்புத் துணி போர்த்திய பெட்டிகள் கூடத்துக்கு வந்தன. மனைவி டீ போடப் போனாள். முழுதாக ஒருமுறை போட்டுக் கேட்கக்கூட நேரமில்லை. மைக்செட்காரர் அவசரமாக ஒயரை மாட்டினார்.

"முதல்ல முரசு. அப்புறம் நம்ம மன்றத்துச் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பதிவு பண்ணியிருக்கேன். அதுதான் பெரிய சோதனை" என்று பொத்தானை அழுத்தினார்.

முரசு கும்மென்று கூடத்தை நிறைத்தது. அடுத்து சாவிக்கொத்து.

மைக்செட்காரர் முன்னால் குனிந்து கேட்டார். சாவிச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மொத்தையாக இருந்தது. கலகலப்பே இல்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். துணியோடு காதை ஒட்டினார். ம்ஹூம்.

"ஆஹா!" என்றான் ஆஹா. "மாமா, ஒவ்வொரு சாவியும் தனித்தனியா கேக்குது. அதுல ஒண்ணு பித்தளைச் சாவி, சரியா?"

"அப்படியே என் காதுகிட்ட குலுக்கற மாதிரி இருக்கு" என்று மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன தெளிவு! கடையில வாங்கினாக்கூட இப்படிக் கிடைக்காது. உங்க நாற்காலி உங்களுக்குத்தான், போங்க."

இரண்டு பேருக்குக் கேட்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் ஊர் சொன்னது நிஜம்தான்.

வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் பிழைப்பு ஓடும். ஆனால் முன்னூறு பேர் உட்காரும் மன்றத்தில் நாளைக்கே மைக் மறுபடி வீறிட்டால்? காது இல்லாதவன் கையில் அத்தனை பேர் காதையும் ஒப்படைப்பதா?

"சார்..." அவர் பதிவை நிறுத்தினார். "எனக்குச் சாவிச் சத்தம் தெளிவா கேக்கல. மொத்தையா இருக்கு. பேச்சு உண்மைதான் போல. என் காது போயிடுச்சு."

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று ஆஹா கையை நீட்டியே விட்டான். இடுப்பிலிருந்த மன்றத்துச் சாவிக்கொத்தை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். அது குலுங்கியது. இது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு கணம் யோசித்தார்.

டீத் தட்டோடு வந்தாள் மனைவி. தட்டின் ஓரத்தில் அவளுடைய பொத்தான் டப்பா.

"பசை பட்டுடப் போகுதுன்னு கழட்டி வெச்சிருக்கேன்னு உள்ளேயிருந்து கத்தினேன். நீங்களும் சரி சரின்னீங்க. அவங்களுக்குப் போட்டுக் காட்டறதுக்கு முன்னாடி மாட்டிடுங்க" என்று மூடியைத் திறந்தாள்.

பஞ்சுக்கு நடுவே, மூக்கு துளியும் அமுங்காமல் பத்திரமாகப் படுத்திருந்தன இரண்டு குட்டிகளும்.