அண்ணியின் கை

மூணாவது நாளும் அப்படியே ஆச்சு.

அலமாரிக் கதவைச் சாய்த்து வைத்து, பெயிண்ட் ஸ்ப்ரே கன்னை அழுத்தினான். ரெண்டே நிமிஷம். சுவரில் மேலே ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக நின்றது. பல்பும் அணைந்தது. ஜன்னலை அடைத்த ஷெட், பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

போன வருஷம் இதே இடத்தில்தான் அண்ணன் எரிந்து போனார். மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது.

"உங்க அண்ணனுக்குப் பிடிக்கலைங்க" என்று மனைவி நேற்றே சொல்லியிருந்தாள்.

"ஆவிக்கு ஃபேன் நிறுத்தறதா வேலை? போடி!"

ஆனாலும் இன்று விழுந்தடித்து வெளியே ஓடினான். முன்வீட்டு வராந்தாவில், மெயின் சுவிட்ச் மேல் ஒரு கை.

அண்ணி!

"நீங்கதானா? உங்க புருஷன் பட்டறையில நான் பொழைக்கக் கூடாது, அதானே?"

"ஐயையோ, அப்படியில்ல தம்பி. அந்த ஃபேன் மட்டும் வேணாம். எத்தனை தடவை சொல்லிட்டேன்!"

"ஃபேன் என்ன பண்ணிச்சு? அண்ணனுக்கும் இதே மாதிரி ஒண்ணு நான்தான் வாங்கி மாட்டினேன். அவர் போனது சிகரெட்டால. விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒளிஞ்சு பிடிச்சாருன்னு ஊருக்கே சொன்னது நீங்கதானே?"

அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வயிற்றெரிச்சல் பிடித்தவள்! உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான்.

"இந்த சுவிட்சை ஷெட்டுக்குள்ள மாத்திடுங்க. எவ கையும் படக் கூடாது."

வந்தவர் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார். "உள்ளேயா? தட்டற சுவிட்ச்லயே பத்திக்கும் சார்! முதல்ல கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க."

வாடை போக ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் ஜன்னலை மூடச் சொல்லி, ஃபேனைப் போட்டுக் காட்டினார். இருட்டில், மோட்டாருக்குள்ளே நீல நீலமாகப் பொறி பறந்தது.

"இது சமையல் புகைக்குப் போடற ஃபேன். பெயிண்ட் அடிக்கிற இடத்துல மோட்டார் வெளியில இருக்கணும் சார். தின்னர் ஆவி இதுக்குள்ள போச்சுன்னா, பத்தே நிமிஷத்துல பத்திக்கும்."

மூணு நாளும் ரெண்டு ரெண்டு நிமிஷம்தான் ஓடியிருந்தது.

எலெக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி ஃபேனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"போன வருஷம் எரிஞ்ச ஷெட்டைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. அப்பவும் இதே மாதிரி ஃபேன், இதே கோளாறு. சிகரெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்தப் புண்ணியவான் இதை மாட்டினான்னு உங்க அண்ணியைக் கேட்டேன். 'எம் புருஷன் பேர் கெட்டாலும் கெட்டுட்டுப் போகட்டும், அதை மட்டும் கேக்காதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

ஏணியில் இருந்து இறங்கிக்கொண்டே கேட்டார்.

"யாரு சார் மாட்டினது?"