நிஜக் கருவியா, வெறும் ஓடா?

ரத்த அழுத்த ஆய்வில் சேர்ந்த ஞானவேலின் தோளுக்குள் அரிசி அளவில் ஒரு கருவி வைத்தார்கள். கோபம் ஏறினால் அதுவே கோபத்தையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கிவிடும். ஆனால் பாதிப் பேருக்கு வைத்தது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு. யாருக்கு எது என்பதை ஓராண்டு கழித்துத்தான் சொல்வார்கள்.

அவன் அண்ணன் பக்கவாதத்தில் போனவர். அந்தப் பயத்தில் மனைவி தமயந்தி தினமும் வம்பிழுத்துச் சோதித்தாள். அவனுடைய புது பைக்கைத் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தாள். அப்போதும் அவன் சிரித்தான். நிஜக் கருவிதான் என்று நிம்மதியானாள்.

ஆண்டு முடிவில் டாக்டர், "உங்களுக்கு வச்சது ஓடுங்க. பிரஷர் குறையவே இல்ல. இன்னிக்கே நிஜத்த வச்சிடுறோம்" என்றார்.

"அப்போ ஏன்யா சிரிச்ச?" என்றாள் தமயந்தி.

"நீ பயந்துடுவேன்னுதான். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்டி."

"ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்" என்று அவரை நிறுத்திவிட்டு அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அத வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த பைக்குக்காக என்னை ஒரு தடவ நல்லாத் திட்டிடுய்யா."